நேராக வீட்டுக்கு வராத மகள்

1

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். குளிப்பதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றித் துவைக்கிற கல்லின் மேல் வைத்தபோது பார்த்த நேரம் அது. அதற்கு முந்தைய நிமிடம் வரை, துக்கத்தில் இருந்தாலும், நான் நிம்மதியான மனிதன்தான்.

சித்தப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தோம். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் என் தம்பி அந்தோணியின் வீடு. கல்லறையிலிருந்து வருகிறவர்கள் குளித்துவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் தொட்டிக்கு முன்னால், பெண்கள் கீற்றுத் தட்டிக்குப் பின்னால். என் மனைவி ஸ்டெல்லா ஈரத் தலையோடு தட்டியை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“தெரேசா உங்ககூடத்தான வந்தா?”

“உன்கூட இல்லையா?”

இவ்வளவுதான் பேசினோம். பதினான்கு வயது மகள்; அவள் என்னோடு வருகிறாள் என்று ஸ்டெல்லாவும், ஸ்டெல்லாவோடு வருகிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டு, கல்லறையிலிருந்து ஒரு மைல் தூரம் ஆளுக்கொரு கூட்டத்தில் நடந்து வந்திருக்கிறோம்.

சித்தப்பாவுக்கு ஓராண்டு நினைவுப் பூசை இந்த வாரம் என்று தம்பி எழுதியிருக்கிறான். கடிதம் நேற்று இங்கே பிலிப்பைன்ஸ் வந்து சேர்ந்தது. பூசைக்கு நாங்கள் போக முடியாது. அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். ஓராண்டு ஆகியும் பாட்டுப் பயிற்சி முடிந்து தெரேசா பத்து நிமிடம் தாமதமாக வந்தால் என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. தெரு முனையில் அவள் தலை தெரியும் வரை நான் எந்த வேலையும் செய்வதில்லை. “அப்பா, நான் வந்துட்டேன், உக்காருங்க” என்று அவளே சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

2

நாங்கள் இருப்பது மணிலாவுக்குத் தெற்கே, ஒரு மலையின் அடிவாரத்தில். வேளாண்மைக் கல்லூரி ஒன்றின் நெல் வயல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. படித்தது கோயம்புத்தூரில். ராகியும் சோளமும் விளைந்த காட்டிலிருந்து வந்தவன் நெல்லைப் பார்த்துக்கொள்ள இத்தனை கடல் தாண்டி வந்தேன் என்று சித்தப்பா சிரிப்பார். அறுபதுகளின் நடுவில் புறப்பட்டோம். தெரேசாவுக்கு அப்போது நான்கு வயது.

நான் புறப்பட்டபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். வந்த சில மாதங்களில் தர்மபுரி தனி மாவட்டம் ஆகிவிட்டது. இது ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகை மாறியதைப் போல. எனக்கு அப்படி இல்லை. இங்கே வெளிநாட்டுக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தாங்கள் இருப்பதைத் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் சேலம் மாவட்டம். சொந்த ஊர் முகவரியில் தர்மபுரி மாவட்டம். அங்கே இருக்கும் குமாஸ்தா ஒவ்வொரு ஆண்டும் இரண்டையும் விரலால் தொட்டுப் பார்ப்பார்.

“நீங்கள் ஊர் மாறினீர்களா?”

“இல்லை. ஊர் அங்கேயேதான் இருக்கிறது. மாவட்டம்தான் மாறியது.”

“அப்படியானால் நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?”

“அதே வீட்டில்தான்.”

ஒரு முறை அவர் அலுத்துப்போய், ‘சேலம் அல்லது தர்மபுரி’ என்று எழுதிக்கொண்டார். அரசாங்கக் காகிதத்தில் ஒரு மனிதன் ‘அல்லது’ போட்டுப் பிறந்திருக்கிறான். அதே நாளில் தெரேசாவையும் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவள் தகலாக் மொழியில் மளமளவென்று பதில் சொன்னாள். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், “இந்தப் பெண்ணுக்கு எதற்கு ஐயா இந்த வெளிநாட்டுக்காரர் அட்டை?” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு அது பாராட்டாக இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பேச்சுக்கும் ‘ங்க’ போடுகிற மாதிரி இங்கே மரியாதைக்கு ‘போ’ என்று ஒன்று போடுவார்கள். வந்த புதிதில் கடைக்காரர், தபால்காரர், பாதிரியார் எல்லாரும் என்னைப் பார்த்து ‘போ, போ’ என்றபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது. பத்து ஆண்டு கழித்து அந்தக் கதை தலைகீழாக நடந்தது. போன ஆண்டு ஊருக்கு விடுமுறையில் போயிருந்தபோது தெரேசா, மரியாதையாகப் பேச வேண்டும் என்ற பதற்றத்தில், சித்தப்பாவிடம் “சாப்ட்டேன் போ” என்றுவிட்டாள். சித்தப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “ஏம்மா, எங்கூட்டுக்கு வந்து என்னையே போங்கற?” என்று கேட்டுச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளைக் காணும்போதெல்லாம் “நான் போவுட்டுமா தாயி?” என்று கேட்பார். அப்படிக் கேட்ட இரண்டாம் வாரத்தில்தான் உண்மையாகவே போனார்.

3

தெரேசாவின் பள்ளிக்கூடத்தில் சிறுகதைப் பாடம் ஒன்று உண்டு. கதைகளை எழுதியவர்கள் எல்லாரும் இந்த நாட்டுக்காரர்கள். சில கதைகள் ஆங்கிலத்தில், சில தகலாக்கில். முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்குக் கணக்கும் விஞ்ஞானமும்தானே முக்கியம். பிறகு ஒரு மழைக்காலத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். கீழே வைக்க முடியவில்லை.

நகரத்தில் படித்துவிட்டு ஊர்த் திருவிழாவுக்கு வரும் மகன், பெரியவர்களின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ள மறந்துபோகிறான். அந்த ஒரு கணத்துக்குள் அவன் தாய்க்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. இன்னொரு கதையில் வெளிநாட்டிலிருந்து வந்த தகர டப்பாப் பாலைத் தம் தட்டில் ஊற்றிக்கொள்ள ஒரு கிழவர் மறுக்கிறார். முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின்காரர்களும், பிறகு அமெரிக்கர்களும் ஆண்டு முடித்த நாடு. மதம் ஒருவர் கொடுத்தது, பள்ளிக்கூடம் இன்னொருவர் கொடுத்தது. இதில் நமக்கென்று எது மிச்சம் என்று அந்தக் கதைகள் மெதுவாகத் தேடிக்கொண்டே இருக்கின்றன. மேடைப் பேச்சு மாதிரி இல்லை. சாப்பாட்டுத் தட்டில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில், மகளின் உடுப்பில் தேடுகின்றன. சூசையப்பரும் அந்தோணியாரும் பெயர் கொடுத்த உழவர் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தத் தேடல் புதிதாகத் தோன்றவில்லை.

ஆனால் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரே ஒரு கேள்வி அச்சிட்டிருந்தார்கள்: ‘இந்தக் கதையில் வரும் வழக்கங்களில் எவை உங்கள் வீட்டிலும் உண்டு?’

தெரேசா பென்சிலால் பதில் எழுதியிருந்தாள். எல்லாக் கதைக்கும். கையை நெற்றியில் ஒற்றுவது: உண்டு. டிசம்பரில் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை: உண்டு. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் செய்யும் ஏதோ ஒன்று: உண்டு. நான் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரித்தேன். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளை இல்லாததை எல்லாம் உண்டு என்று எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். ஸ்டெல்லாவிடம்கூடக் காட்டவில்லை.

காட்டியிருக்க வேண்டும்.

4

விடுமுறைக்குப் போகுமுன் அவளுடைய ஆசிரியை வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். உங்கள் குடும்பம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு சிறுகதை. நான் அளவில்லாமல் மகிழ்ந்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஊரில்தானே இருக்கப்போகிறோம். பென்னாகரம் மாமா வீடு, ஒகேனக்கல், அரூரில் ஸ்டெல்லாவின் வீடு என்று அழைத்துப் போனேன். நான் படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டினேன். நான் விழுந்த புளியமரத்தைக் காட்டினேன். அவள் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் வந்தாள். முகம் வாடாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். அவ்வளவுதான்.

அவள் தானாக ஓடிய இடம் ஒன்றே ஒன்று: அந்தோணியின் குழந்தை இருந்த தொட்டில். அந்தோணிக்குக் கல்யாணமாகி எட்டு ஆண்டு கழித்துப் பிறந்த பெண். மூன்றாம் மாதம் முடிந்து தாய் வீட்டிலிருந்து அப்போதுதான் அழைத்து வந்திருந்தார்கள். தம்பி மனைவி பிலோமினாவோடு அவளுடைய அம்மாவும் துணைக்கு வந்திருந்தார். நாங்கள் வருவதற்காக ஞானஸ்நானத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். தெரேசாதான் ஞானத்தாய் என்று பிலோமினாவே முடிவு செய்திருந்தாள். கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அதற்காக வாக்குக் கொடுப்பவள். பிள்ளைக்கு ஒன்று என்றால் இரண்டாவது தாயாக நிற்க வேண்டியவள்.

தெரேசா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கோவில் உபதேசியார் வீட்டுக்குப் போய் என்னென்ன பதில் சொல்ல வேண்டும் என்று தமிழில் மனப்பாடம் செய்தாள். குழந்தையின் நகத்தை வெட்டலாமா, வெயிலில் காட்டலாமா என்று பிலோமினாவைத் துளைத்தெடுத்தாள். “ஏம்புள்ள, பெத்தது நானா நீயா?” என்று பிலோமினா கேட்பாள்.

ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வியாழன் சாயங்காலம் இறந்தார். வெள்ளிக்கிழமை காலை, வீடு முழுக்க ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், நான் ஒரு காரியம் செய்தேன். நாற்காலியில் கிடந்த அவளுடைய நோட்டை எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் கதை தொடங்கியிருந்தது. ஒரு பெண் தன் தகப்பனாரின் ஊருக்கு வருகிறாள். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘அப்பா தன் ஊரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அது எல்லாம் அப்பாவுக்கு நடந்தது. எனக்கு நடக்கவில்லை.’

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளைக் கொல்லைப்புறம் கூப்பிட்டேன்.

“இதுக்குத்தான் உன்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தேனா?”

அவள் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

“இந்த ஊரு உனக்கு ஒண்ணுமில்லன்னா நீ யாரு வூட்டுப் பொண்ணு? சொல்லு. யாரு வூட்டுப் பொண்ணு?”

அவள் புருவத்தை உயர்த்தித் தாழ்த்தினாள். இங்கே பிலிப்பைன்ஸில் அதற்கு ‘காதில் விழுந்தது’ என்று அர்த்தம். தினமும் பார்க்கிற ஒன்றுதான். ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு பார்த்தபோது அது திமிராகத் தெரிந்தது. “பெரியவங்க கேட்டா வாயத் தொறந்து பதில் சொல்லு” என்று கத்திவிட்டு உள்ளே போனேன். அதுதான் அன்று நான் அவளிடம் கடைசியாகப் பேசியது.

5

மறுபடியும் கிணற்றடிக்கு வருகிறேன்.

ஈர வேட்டியோடு நான் முதலில் செய்தது என்ன என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஓடித் தகரப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தேன். மூன்றும் இருந்தன. பத்து ஆண்டு வெளிநாட்டில் இருந்தவனுக்கு வந்த புத்தி அது. பாஸ்போர்ட் இருக்கிறது, பெண் இல்லை.

அந்தோணி சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய் வந்தான். அங்கே யாரும் இல்லை. குழியை மூடியவர்கள்கூடப் போய்விட்டிருந்தார்கள்.

“மண்ணு போடறப்ப இருந்துச்சாண்ணா?”

“இருந்தா. நான் பார்த்தேன். மூணு பிடி போட்டா.”

“அப்பறம்?”

அப்பறம் நான் உபதேசியாரோடு நின்றுகொண்டிருந்தேன். பங்குப் புத்தகத்தில் எழுதச் சித்தப்பாவின் வயது வேண்டும் என்றார். அவருக்கு வயது என்ன என்று நாங்கள் நான்கு பேர் நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் அவள் போயிருக்கிறாள்.

“ஏண்ணா, இருக்கற உசுர வுட்டுட்டுப் போன உசுருக்குக் கணக்குப் பாத்துக்கிட்டா இருந்த?” என்றான் அந்தோணி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

சாலையோர டீக்கடைக்காரர், பாவாடை சட்டை போட்ட பெண் ஒன்று சேலம் பஸ்ஸில் ஏறியதாகச் சொன்னார். தனியாக ஏறியதா, யாரோடாவது ஏறியதா என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. அந்தோணி பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு அந்தப் பேருந்தைத் துரத்தித் தொப்பூர் பக்கம் போனான். பேருந்தில் இருந்தது வேறொரு பெண். அவன் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

அதற்குள் வீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது. பிலோமினாவின் அம்மா வாசலில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நான் சொல்றன்னு யாரும் கோவிச்சுக்காதீங்க. எழவூட்ல இருந்து சொல்லாம கொள்ளாம போற பொண்ணு அது. அது கையிலயா கொழந்தையக் குடுக்கப் போறீங்க? எட்டு வருசம் தவமிருந்து பெத்த புள்ள. ஞாயித்துக்கெழமைக்கு வேற ஆளப் பாருங்க.”

“அம்மா, சும்மா இரு” என்றாள் பிலோமினா.

“நான் எதுக்கு சும்மா இருக்கறது? அதுக்கு நம்மூரு ஒட்டலடி. ஒட்டாத பொண்ணு என்னா பண்ணும் பாவம். அது மேல தப்பில்ல.”

அது மேல தப்பில்ல. நம்மூரு ஒட்டல என்று அவர் இரக்கத்தோடு சொன்னதைத்தான் நான் காலையில் கோபத்தோடு சொல்லியிருந்தேன். பிலோமினா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

6

இங்கே எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் பெயர் அலிங் பூரிங். ‘அலிங்’ என்பது நாம் அக்கா என்பது மாதிரி. வந்த முதல் ஆண்டில் எங்களுக்கு எந்த மீனை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர். ஸ்டெல்லா கல்லூரிக் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போன நாட்களில் தெரேசாவைத் தன் நான்கு பிள்ளைகளோடு ஐந்தாவதாக வளர்த்தவர். தெருவில் சாவு என்றால் எங்களையும் கூட்டிக்கொண்டுதான் போவார். இங்கே துக்க வீட்டில் பல நாள் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருப்பார்கள். போய் உட்கார்ந்து செபம் சொல்லிவிட்டுத் திரும்பும்போது அலிங் பூரிங் எங்களை ஒருபோதும் நேராக வீட்டுக்கு விட்டதில்லை. கோவில் தெருவில் இருக்கும் ரொட்டிக்கடைக்குக் கூட்டிப் போவார். எல்லாரும் ஆளுக்கொரு பன் தின்று, பேசிச் சிரித்து, அரை மணி நேரம் கழித்துத்தான் கலைவோம்.

பத்து ஆண்டு நானும் அந்த பன்னைத் தின்றிருக்கிறேன். பசிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஊரில் மணி நான்கு ஆகப்போகிறது. காலையில் தெரேசாவிடம் நான் என்ன கேட்டேன் என்பதை அதற்கு மேல் மறைக்க முடியாமல் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். நோட்டில் இருந்ததையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாட்டுக் கொட்டகை ஓரமாக உட்கார்ந்தாள்.

“ஏங்க, அங்க சாவூட்டுக்குப் போனா நாம எப்பிடிங்க வூடு திரும்புவோம்?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்க.”

“ரொட்டிக்கடைக்குப் போவோம்.”

“எதுக்குப் போவோம்?”

“பசிக்கும்.”

“பசிக்காகவாங்க?” என்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “நேரா வூட்டுக்கு வந்தா செத்தவங்க நம்ம பின்னாலயே வந்துருவாங்களாம். வூட்ல பச்சக் கொழந்தை இருந்தா அதைத் தொட்டுருவாங்களாம். நாலு பேரு இருக்கற எடத்துக்குப் போயி கூட்டத்துல கலந்துட்டா அவுங்களுக்கு வழி தெரியாமப் போயிரும். அலிங் பூரிங் இவளுக்குச் சின்னதுல இருந்து சொல்லிச் சொல்லி வளத்திருக்காங்க. அவ பாடப் புஸ்தகத்துலகூட அப்பிடி ஒரு கதை இருக்குதுங்க. மழைன்னு நேரா வூட்டுக்கு வந்துட்ட ஒரு பொம்பள, விடிய விடிய கொழந்தை மூச்ச எண்ணிக்கிட்டு ஒக்காந்திருப்பா. எனக்குப் படிச்சுக் காட்டுனா.”

எனக்குப் பென்சில் எழுத்து நினைவுக்கு வந்தது. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் செய்வது: உண்டு.

“இங்க வூட்ல பாப்பா இருக்குதேங்க” என்றாள் ஸ்டெல்லா. “அவ எப்பிடி நேரா வருவா? நானே மறந்துட்டேன். ஊருக்கு வந்ததும் ஊரு ஆளாயிட்டேன். கெணத்தக் கண்டதும் குளிச்சிட்டு நின்னுட்டேன்.”

இரண்டு ஊரிலும் சாவை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். நாங்கள் தண்ணீரில் விடுகிறோம், அவர்கள் கூட்டத்தில் விடுகிறார்கள். எங்களுக்குத் தண்ணீர் போதும் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தகப்பன் அவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“கூட்டம் எங்கங்க இருக்கும் இன்னிக்கு?” என்றாள் ஸ்டெல்லா.

அன்று வெள்ளிக்கிழமை. சந்தை நாள்.

7

கல்லறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழிக்கு நேர் எதிர்ப்பக்கம், முக்கால் மைல் தள்ளி, சாலை பிரியும் இடத்தில் சந்தை. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது பாதிக் கடைகளைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஆட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். அழுகல் மாம்பழத்தை மாடுகள் தின்றுகொண்டிருந்தன. புளி விற்கிறவர், மண்பானைக்காரர் என்று பார்த்தவரிடமெல்லாம் கேட்டேன். என் மகளின் அடையாளத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம் ஊர்ப் பெண் மாதிரிதான் இருப்பாள், ஆனால் வேறு மாதிரி நடப்பாள் என்று உளறினேன்.

மாம்பழக்காரர் ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: “தமிழ எழுத்துக் கூட்டிப் பேசுமே, அந்தப் புள்ளைங்களா? பொரிக்கடை முனியம்மாகூடக் குந்தியிருந்துச்சுங்க. கடையக் கட்டிட்டாங்களே. ரண்டு பேருமா ஏரிக்கரை மேல போனாங்க.”

ஏரிக்கரை வழி எங்கள் வீட்டுக்குக் குறுக்கு வழி. நான் சாலை வழியாக வந்தவன். சைக்கிளைத் திருப்பி மிதித்தேன். கரையில் சைக்கிள் போகாது. மறுபடியும் சாலையைத்தான் சுற்ற வேண்டும். அந்த முக்கால் மைலும் ஒரு மைலும் நான் மிதித்த நேரத்தில் எனக்கு என்னென்ன தோன்றியது என்று எழுதப்போவதில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா, தொப்பூரிலிருந்து திரும்பி வந்திருந்த அந்தோணி, பிலோமினாவின் அம்மா, துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள். படிக்கு மேலே குழந்தையோடு பிலோமினா. எல்லாரும் குளித்து, தலை காய்ந்து, ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளைச் சாய்ப்பதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் தலையில் காலிச் சாக்கு மூட்டையோடு முனியம்மா. பின்னால், தலையிலிருந்து எடுத்து மடக்கிய முட்டாக்குத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, காலெல்லாம் புழுதியோடு தெரேசா. மணி ஐந்தேகால்.

“இந்தாங்க உங்க பொண்ணு” என்றார் முனியம்மா. “வயசுப் பொண்ணைத் தனியா சந்தையில வுட்டுட்டு நல்லா நின்னீங்க போங்க. வூடு எதும்மா, கொண்டாந்து வுடறேன்னா, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரங்குது. ஒரு வாய் பொரி குடுத்தா வாங்கித் தின்னுச்சு. அப்பறம் சும்மா குந்தலைங்க, எனக்குப் படியில அளந்து போட்டுச்சு. கொசுறு மட்டும் ரொம்பத் தாராளமா போடுது. இன்னும் ரண்டு சந்தைக்கு வுட்டா என் கடைய மூடிருவேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா அவளைப் பிடிக்க ஓடினாள். தெரேசா ஒரு கையை நீட்டி அம்மாவைத் தள்ளி நிறுத்திவிட்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். காய்ந்த தலைகளைப் பார்த்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டி சேலைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காலையில் நடந்தது எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. அதில் இருந்தது பயம்.

“நீங்க எல்லாரும் கல்லறையில இருந்து எங்க போனீங்க?”

“எங்கயும் போவல கண்ணு” என்றான் அந்தோணி. “நேரா வூட்டுக்குத்தான் வந்தோம்.”

பிலோமினா குழந்தையோடு ஒரு படி இறங்கினாள். தெரேசா அவசரமாக இரண்டு எட்டுப் பின்னால் போய், “இறங்காதீங்க சித்தி, அங்கயே இருங்க” என்றாள். எங்கள் எல்லாரையும், பிலோமினாவின் அம்மாவையும் சேர்த்து, சின்னப் பிள்ளைகளைக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“எல்லாருமே நேரா வந்துட்டீங்களா? பாப்பா உள்ள இருக்கான்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா ஞாபகம் வரல?”